வெளியே விட்ட துணி

கொழும்பில் நடந்த அந்தத் தொலைக்காட்சி ஆடைப் போட்டியில் நான் நாலு வாரம் தாக்குப்பிடித்ததே சிலருக்குப் பொறுக்கவில்லை. மற்றவர்கள் ஆடை வடிவமைப்பைப் படித்துவிட்டு வந்தவர்கள். நான் கிழக்கே கல்லடியில் பதினெட்டு வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவள். நாலாவது வாரம், புள்ளியில் கடைசியான இருவரில் ஒருத்தியாக என்னை நிறுத்தி வைத்துக்கொண்டு மூத்த நடுவர் சொன்னார்: “நீங்க நல்ல டெய்லர். ஆனா இது டிசைனர்களுக்கான மேடை. அடுத்த வாரமும் இப்படித்தான் என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

டெய்லர் என்ற சொல்லை அவர் உச்சரித்த விதம் இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த வாரச் சவால் ‘அவான்கார்ட்’. அதாவது, இதுவரை யாரும் உடுத்திப் பார்க்காத, கடைத்தெருவில் உடுத்திக்கொண்டு போனால் நாய் துரத்துகிற உடுப்பு. மேடையில் ஒரு தடவை நடந்தால் போதும். அவகாசம் இரண்டு பகல். ஒருத்தர் கம்பியை வளைத்தார், இன்னொருத்தர் பழைய சீடிகளைக் கோர்த்தார். நான் தடித்த வெள்ளைக் கன்வஸ் துணியில், தோள் இரண்டும் காதுவரை உயர்ந்த நீள அங்கி ஒன்றை வெட்டி, முதல் நாளே தைத்தும் முடித்துவிட்டேன். கை வேகத்தில் என்னை அடிக்க அங்கே ஆளில்லை.

மறுநாள் காலை, எங்களுக்கு ஆலோசனை சொல்லும் பெண்மணி கமராவோடு வந்தார். அங்கியின் உள்பக்கத்தைத் திருப்பினார். ஒவ்வொரு தையலுக்கும் உள்ளே இரண்டு அங்குலம் மிச்சத் துணி மடிந்து கிடந்தது.

“இது எதுக்கு?”

“மறுகா பிரிச்சு விடுறதுக்கு,” என்றேன், யோசிக்காமல்.

“யாருக்கு? இந்த மொடல் பிள்ளை ஒரு நிமிஷம் நடக்கப்போறா. அதுக்குள்ள வளந்திடுவாவா?”

கூடமே சிரித்தது. கமராக்காரர்கூடச் சிரித்தார்.

எனக்கு முகம் சுட்டது. பிழை என்னுடையதுதான், ஆனால் துணி விடாமல் தைக்க என் கைக்குத் தெரியாது. கிரானிலிருந்தும் வவுணதீவிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பெண்கள் துணியை என் மேசையில் வைத்ததும் முதலில் சொல்வது, “கொஞ்சம் விட்டுத் தைங்க புள்ள” என்பதுதான். அளவெல்லாம் பிறகு. ஒரே பள்ளிக்கூடச் சட்டையை மூன்று வருடம் பிரித்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். கல்யாணச் சட்டையைப் பிள்ளை பிறந்த பிறகு பிரித்துவிட்டு, அதே பெண் காய்ச்சலில் மெலிந்து வந்தபோது திரும்பப் பிடித்திருக்கிறேன். ஒருத்தி பட்டதெல்லாம் அவள் சட்டைக்குள்ளே தையல் தையலாகக் கிடக்கும். அந்தச் சிரிப்பு அவர்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்ததாகவே எனக்குப் பட்டது.

“சிரிங்க, நல்லாச் சிரிங்க,” என்று முணுமுணுத்துக்கொண்டு முழு அங்கியையும் பிரித்துப் போட்டேன். அரை நாள்தான் மிச்சம். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போவதென்றால் என் தையலோடு போகிறேன் என்ற வீம்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

புதிதாக வெட்டினேன். இந்த முறை ஒவ்வொரு தையலுக்கும் ஒரு சாண் துணி விட்டேன், அதுவும் வெளிப்பக்கமாக. தடித்த துணி என்பதால் அது மடங்காமல் மீன் செட்டை மாதிரி நிமிர்ந்து நின்றது. உடம்பை ஒட்டி ஒரு வரி தைத்து, சற்றுத் தள்ளி இன்னொன்று, அதற்கும் தள்ளி இன்னொன்று என்று செட்டையின் விளிம்புவரை சிவப்பு நூலில் ஓட்டினேன். சட்டைக்குள் ஒளித்து வைப்பதையெல்லாம் ஊர் பார்க்க வெளியே எடுத்து வைத்தேன்.

மொடல் பிள்ளை அதை உடுத்திக்கொண்டு மேடையில் நடந்து வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. மூத்த நடுவர் இருக்கையை விட்டு எழுந்து கிட்ட வந்தார்.

“இந்தச் சிவப்புக் கோடெல்லாம் என்ன?”

“உடம்போட ஒட்டின வரி இப்ப இருக்கிற புள்ள, சேர். அதப் பிரிச்சா அடுத்தது கல்யாணம். அதையும் பிரிச்சா ரெண்டு புள்ள பெத்தவ. கடைசி வரி கிழவி. சட்டை ஒண்டுதான்.”

அவர் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். அந்த வாரம் முதலிடம் எனக்கு. அழுகை வந்தது, மேடையிலேயே அழுதேன். “இன்றைக்குத்தான் நீங்க டிசைனர் ஆனீங்க,” என்று அவர் கையை நீட்டினார்.

கையைக் கொடுத்துக்கொண்டே சொன்னேன்: “இல்ல சேர். நான் வந்த நாளிலயிருந்து இதத்தான் தைச்சன். நீங்கதான் திருப்பிப் பாக்கல்ல.”

நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது நான் ஊருக்கு வந்திருந்தேன். கடையில் நானும் தங்கச்சியும் வாடிக்கையான பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் டீவிக்கு முன்னால் கூடியிருந்தோம். நடுவர் சொன்னது வந்தது. நான் சொன்னதை வெட்டிவிட்டு, நான் கண்ணைத் துடைப்பதைப் பாட்டோடு காட்டினார்கள்.

“அக்கா, நீங்க ஒண்டும் திருப்பிச் சொல்லல்லியா?” என்றாள் தங்கச்சி. அவளுக்கு என்னைத் தெரியும்.

டீவியை நிறுத்திவிட்டு, மேடையில் சொன்னதை எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னேன். வவுணதீவிலிருந்து வந்திருந்த ஒருத்தி தன் சட்டைக் கையின் ஓரத்தைத் திருப்பிப் பக்கத்திலிருந்தவளுக்குக் காட்டினாள்.

“இஞ்ச பாருகா, எனக்கு இன்னும் ரெண்டு வரி கிடக்கு.”