தட்டிப் பார்த்த சக்கரம்

யாராவது ஒரு பொருளை மலிவாகக் கொடுக்கிறேன் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பாதி என் சுபாவம், பாதி என் பிழைப்பு. ஈப்போ நகருக்கு வெளியே ஒரு கையுறை ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. ரப்பர் கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எந்த விரலில் கசிகிறது என்று பார்க்க வேண்டும். உலகத்தில் நல்ல கையுறை என்று ஒன்றும் கிடையாது, இன்னும் ஓட்டை தெரியாத கையுறைதான் உண்டு என்று ஒருநாள் வீட்டில் சொல்லிவிட்டேன். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி என்னையும் தண்ணி ஊத்திப் பாத்தியா?" என்று கேட்டார் என் கணவர். பின்னே, பார்க்காமலா?

இப்படிப்பட்ட நான் நாற்பது வயதுக்கு மேல் டிரையத்லான் பைத்தியம் பிடித்து அலைகிறேன். முதலில் நீச்சல், அப்புறம் சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நீச்சலில் சுமார், ஓட்டத்தில் பரவாயில்லை. சைக்கிள்தான் என் உயிர். போன வருஷம் அந்த உயிரே போகப் பார்த்தது. ஆயர் தாவாரைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகும் சாலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில், பக்கவாட்டிலிருந்து ஒரு காற்று வந்து என்னைச் சைக்கிளோடு தூக்கிப் பள்ளத்தில் போட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த அன்று சாமி படத்துக்கு முன்னால் என்னை நிற்க வைத்து என் கணவர் ஒரு சத்தியம் வாங்கினார். இன்னொரு தடவை விழுந்தால் சைக்கிளை விற்றுவிட வேண்டும். வலியில் இருந்தவள், சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

சத்தியம் சத்தியம்தான். ஆனாலும் இந்த வருஷம் அதே சாலையில் நடக்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே கடந்து போக வேண்டும் என்று ஒரு வெறி. கூடவே இன்னொரு ஆசையும் ஒட்டிக்கொண்டது: கார்பன் சக்கரம். சாதாரணச் சக்கரத்தின் ரிம் விரல் அகலம்தான் இருக்கும். இது உள்ளங்கை அகலத்துக்கு ஆழமான ரிம், கறுப்பாக, தகடு மாதிரி. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், சமதரையில் மிதிக்கிற பலம் வீணாகாது. சுற்றும்போது ஒரு உறுமல் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கே மயங்கிவிடுவோம். ஆனால் நேர் காற்றைக் கிழிக்கிற அதே ஆழம், பக்கக் காற்றுக்குப் பாய்மரம். என் எடைக்கு முன்சக்கரம் ரொம்ப ஆழமாக இருந்தால் ஹேண்டிலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆசை விடவில்லை.

"கடையில கண்டதையும் வாங்காத. தெரிஞ்ச ஆளுகிட்ட வாங்கு" என்றார் என் கணவர். தெரிந்த ஆள்தான் எனக்கு இன்னும் பயம். கடைக்காரனிடம் சண்டை போடலாம், தெரிந்தவரிடம் எப்படிப் போடுவது?

அந்தத் தெரிந்த ஆள் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்தில் ஒரு அண்ணன். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் வைத்திருக்கிறார். பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் எழுந்த வீடமைப்பில் குடியிருக்கிறார். எதிர்க்காற்று அடித்தால் முன்னால் போய் மறைத்துக்கொண்டு, "பின்னாடியே வாம்மா, விட்டுடாத" என்று கத்திக்கொண்டே இழுத்துப் போகிறவர். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிமேல் வேகம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஒரே ஒரு வருஷம் ஓட்டிய கார்பன் சக்கர ஜோடியைப் பாதி விலைக்கும் குறைவாகத் தருகிறேன் என்றார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. முழங்கால் என்றால் மெதுவாக ஓட்டலாமே, சக்கரத்தை ஏன் விற்க வேண்டும்? மற்றவர்களிடம் சொல்லாமல் என்னிடம் மட்டும் ஏன் சொன்னார்? ஒரு வாரம் இதையே மென்றுகொண்டிருந்தேன். "பேசாம போய்ப் பாத்துட்டு வாயேன், என் உயிரை வாங்காம" என்று என் கணவர் விரட்டிய பிறகுதான் போனேன்.

அவர் வீட்டு முன்வாசலில் லாரிக்குப் பக்கத்தில் இரண்டு சக்கரங்களும் துடைத்துச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அப்படிப் பளபளவென்று துடைத்து வைத்ததே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் மனைவி தே ஓ, பால் இல்லாத தேநீர், கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். அக்கா நல்ல மனுஷி, சத்தமாகப் பேசத் தெரியாதவர். "நல்லாப் பாத்து வாங்கும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நல்லாப் பார்த்து என்றால் என்ன அர்த்தம்? அதையும் யோசித்தேன்.

முன்சக்கரத்தை எடுத்துச் சுற்றிவிட்டேன். கோணல் இல்லை, அச்சில் ஆட்டமில்லை. ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். பிறகு கைப்பையிலிருந்து ஒரு ஐம்பது காசு நாணயத்தை எடுத்து ரிம்மைச் சுற்றி டொக் டொக் என்று தட்டத் தொடங்கினேன். கார்பன் என்பது நூல்துணியைப் பசையில் ஊறவைத்து இறுக்கியதுதான். நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று வரும். உள்ளே விரிசல் விட்டிருந்தாலோ, உடைந்ததை ஒட்டியிருந்தாலோ சத்தம் செத்துப்போகும்.

"என்னா லா, கோயில் மணி அடிக்கிற?" என்றார் அண்ணன் சிரித்துக்கொண்டே.

காற்றடைக்கும் வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில், ஒரு வெற்றிலை அகலத்துக்குச் சத்தம் செத்தது. மறுபடி தட்டினேன். பொத், பொத். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் மினுமினுப்பு மங்கியிருந்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அண்ணே, இது அடிபட்ட ரிம்மு."

"அடியா? நான் வாங்குனதிலேருந்து கீழ விழுந்ததே இல்ல."

"அப்ப இந்த இடம் ஏன் இப்படி இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் விழுந்தா நம்ம கூட்டத்துக்கே தெரியுமே. உங்கிட்டப் பொய் சொல்லுவேனா?"

சொல்ல மாட்டார் என்றுதான் மனசு சொன்னது. கை கேட்கவில்லை. கொண்டை ஊசியைக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்போக் ரிம்முக்குள் நுழைகிற சின்ன ஓட்டையைக் குடைந்தேன். மஞ்சளாக, காய்ந்துபோன பொடி உதிர்ந்தது. பசை! உடைந்ததை ஒட்டி, மேலே தேய்த்து மறைத்திருக்கிறார்!

"இது என்னாண்ணே? இதுக்கு என்னா சொல்றீங்க? என் எலும்பு முறிஞ்சப்ப ஆஸ்பத்திரிக்கு முதல்ல ஓடி வந்தவரு நீங்க. அதே ரோட்டுல நான் திரும்ப ஓட்டப் போறேன்னு தெரிஞ்சுக்கிட்டே இதை என் தலையில கட்டப் பாக்குறீங்களே, நல்லா இருக்கா?"

அவர் முகம் கறுத்துப் போயிற்று. "வேணாம்னா வச்சுட்டுப் போம்மா. திருடன்னு மட்டும் சொல்லாத" என்றார்.

திருடன் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு ரொம்பப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சாட்சிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பொடியை ஈர விரலில் ஒற்றி எடுத்தேன். மூக்குக்கிட்டே கொண்டுபோனேன். ஃபேக்டரிப் பழக்கம் அது, எதையும் மோந்து பார்ப்பது.

சந்தனம்.

மறுபடியும் மோந்தேன். சந்தனமேதான். விரலை அவர் முன்னால் நீட்டினேன். அவர் குனிந்து மோந்தார். அப்படியே லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டு வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார். சக்கரம் வாங்கிய புதிதில் ஆயுத பூஜை வந்ததாம். லாரிகளுக்குப் பூஜை செய்வது எப்போதும் அக்காதான். டயருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு வெற்றிலையைப் போட்டு, அதில் கற்பூரம் ஏற்றுவார். இரும்புக்கும் ரப்பருக்கும் அதனால் என்ன ஆகிவிடும்? அந்த வருஷம் இந்தச் சக்கரங்களும் வாழை இலையில் படுத்திருந்தன. முன்சக்கரத்தின் ரிம் அகலமாக, தட்டு வைத்த மாதிரி வாகாக இருந்திருக்கிறது. லாரிக்குச் செய்ததையே இதற்கும் செய்துவிட்டார்.

"நெறைய வச்சா. அணையுற வரைக்கும் கண்ண மூடிக் கும்புட்டா" என்றார். "நான் பக்கத்துலதான் நிக்கிறேன். எனக்கும் ஒண்ணும் தோணல லா."

கற்பூரம் எரிந்த சூட்டில் உள்ளே பசை இளகியிருக்கிறது. மங்கிய இடம் வெற்றிலை அளவில் இருந்ததும் அதனால்தான். அந்தச் சக்கரத்தில் ஒரு வருஷம் முழுக்க மலை ஏறி இறங்கியிருக்கிறார். எங்களோடு, எங்களுக்கு முன்னால், கையை விட்டுவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டெல்லாம். சக்கரத்தைப் பற்றி நான் பட்ட சந்தேகம் முழுக்கச் சரி. மனுஷனைப் பற்றிப் பட்டது முழுக்கத் தப்பு.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா" என்றார். "நான் ஓட்டவே கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னா. சாமிகிட்ட ஒப்படைச்சுட்டேன், இனிமே போங்கன்னு அன்னைக்குத்தான் விட்டா. இது தெரிஞ்சா தூங்க மாட்டா."

"சரி, சக்கரத்தைக் காணோம்னா கேப்பாங்களே?"

"நீ வாங்கிட்டேன்னு சொல்லிடுறேன்."

பொய் என்றாலே எரிந்து விழுகிறவள் நான். தலையை ஆட்டினேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். மறுநாள் அவருடைய லாரிக் கொட்டகைக்குப் போய், இரண்டு சக்கரத்தையும் அவர் இரும்பு ரம்பத்தால் அறுக்கிறதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். பின்சக்கரத்தில் கற்பூரம் வைக்கவில்லை என்றார். எதற்கு வம்பு, அதையும் அறுக்கச் சொன்னேன். "இப்பவும் நம்பலியா?" என்று கேட்டார். "உங்கள நம்புறேண்ணே. சக்கரத்த நம்பல" என்றேன்.

பிறகு ஈப்போவில் ஒரு சீனர் கடையில் புதுச் சக்கரம் வாங்கினேன். பின்னால் ஆழமானது, முன்னால் ஆழம் குறைந்தது. ஆசையைப் பின்னாலும் பயத்தையும் புத்தியையும் முன்னாலும் வைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் இருந்த எல்லாவற்றையும் காசால் தட்டிப் பார்த்ததில் கடை முதலாளி தவுக்கே கடுப்பாகி, நீ சக்கரம் வாங்க வந்தாயா, தர்ப்பூசணி வாங்க வந்தாயா என்று மலாயில் கேட்டார்.

போட்டி நாள் காலையில், கடற்கரைத் திடலில் சைக்கிளை நிறுத்தி டயருக்குக் காற்று அடைத்துக்கொண்டிருந்தேன். காற்று அப்போதே கொடிகளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. என் கணவர் கொடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் கூட்டத்திலிருந்து கையை ஆட்டினார். அவருக்குப் பின்னால் அக்கா வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு.

நேராக என் சைக்கிளிடம் வந்து குனிந்தார். முன்சக்கரத்தைத் தடவிக் கொடுத்தார். "நான் பூஜை பண்ணுனதுதானேம்மா? அவருக்கு ஒண்ணும் ஆகல பாத்தியா? ஒனக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். அண்ணன் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"ஆமாக்கா" என்றேன்.

பையிலிருந்து குங்குமம் எடுத்து ரிம்மில் ஒரு பொட்டு வைத்தார். ஒரு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். அப்புறம் ஒரு வெற்றிலையை எடுத்தார், கற்பூர டப்பாவைத் திறந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். என் பிடியைப் பார்த்து அவர் திடுக்கிட்டார்.

"காத்துல அணைஞ்சு போயிடும்க்கா" என்றேன். "தரையில ஏத்துங்க. நான் கும்புட்டுக்கிறேன்."

அவர் மண்ணில் வெற்றிலையை வைத்து, முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு ஏற்றினார். எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பாத நான், அந்தக் கற்பூரம் அணைகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டேன். பிறகு சைக்கிளை முன்னால் தள்ளினேன், எலுமிச்சம்பழம் நசுங்கியது.