உட்கார்ந்து செய்கிற வேலை

என் அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கோபுர கிரேன் ஓட்டுபவர். எழும்பும் கட்டடத்துக்கும் மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வேலை. கீழே நின்று கொக்கியில் சுமையை மாட்டி, வயர்லெஸ்ஸில் "தூக்குங்க", "நிறுத்துங்க" என்று சொல்வது நான். அக்கா அங்கேயே ஆபீஸ் அறைகளைப் பெருக்கித் துடைக்கிறாள். சண்டை போட நாங்கள் வீடு வரை போக வேண்டியதில்லை.

வலது முழங்கால் தேய்ந்ததும் மாமாவை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். லாரி வந்தால் கதவைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். மேலேயிருந்து எங்களை எறும்பாகப் பார்த்தவருக்கு அது தாங்கவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார். அக்காவுக்கு மட்டும் உள்ளுக்குள் நிம்மதி. வலித்தாலும் கால் தரையில் இருக்கிறதே என்பாள்.

மூட்டு மாற்று ஆபரேஷன் என்று டாக்டர் வாயெடுத்ததும், அந்தக் காலோடு மாமா ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறிய வேகம் இருக்கிறதே, அதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. யாரோ சொல்லி அக்குபங்சருக்குப் போனார். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, மூட்டுச் சில்லைச் சுற்றியும் கெண்டைக்கால் பக்கமும் முடி போன்ற ஊசிகளைக் குத்திவிட்டுப் படுக்க வைப்பார்களாம். முதல் வாரம் கேலி செய்தேன். அப்புறம் அவர் நொண்டாமல் வந்து என் முதுகில் தட்டினார்.

"ஊசி குத்துற அந்த அம்மா தெளிவா சொல்லிட்டாங்க" என்றார் ஒருநாள் சாப்பிடும்போது. "வலி குறையும், தேய்ஞ்சது வளராது, ஏணி பக்கம் போகக்கூடாதுன்னு. என்ன வேலைன்னு கேட்டாங்க. உக்காந்து செய்ற வேலைன்னேன். அப்போ பயமில்லைன்னாங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"நாற்காலி எங்க இருக்குன்னு சொன்னீங்களா?"

"அவங்க கேக்கலையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொல்லாமலே ஏமாற்றத் தெரிந்த ஆள். நானும் அக்காவும் மாறி மாறிக் கத்தினோம். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மாமாவுக்குப் பதிலாகக் கிரேனில் போட்டிருந்த புது ஆபரேட்டர் காய்ச்சலில் படுத்தார். மாமா சூப்பர்வைசர் முன்னால் உட்கார்ந்து எழுந்து காட்டினார். வேலை நின்றுவிடுமே என்ற கவலையில் இருந்த சூப்பர்வைசருக்கு அது போதுமாக இருந்தது. மாமா ஏணியில் ஏறியதை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அவரோ மேலே போய், "பாத்தியா?" என்றார் வயர்லெஸ்ஸில்.

மதியத்துக்குப் பிறகு காற்று ஏறியது. தகரங்கள் அடித்துக்கொண்டன. காற்று ஒரு அளவைத் தாண்டினால் கிரேனை அதன் போக்கில் திரும்பவிட்டு ஆள் இறங்கிவிட வேண்டும். சங்கு ஊதினார்கள். அக்கா துடைப்பத்தோடு ஓடிவந்து என் பக்கத்தில் நின்றாள்.

மாமா இறங்கத் தொடங்கினார். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். பாதி உயரத்தில், ஏணியின் நடுவே இளைப்பாற வைத்திருக்கும் இரும்பு மேடை ஒன்றுக்குச் சற்று மேலே நின்றுவிட்டார். முழங்கையால் கம்பியை வளைத்துக்கொண்டு வயர்லெஸ்ஸை எடுத்தது தெரிந்தது.

"வலிக்குதா மாமா?"

"வலியே இல்லடா. அதான் பயமா இருக்கு." குரலில் சிரிப்பு இல்லை. "முன்னெல்லாம் கால் மடங்கறதுக்கு முன்னாடி வலிக்கும், சுதாரிச்சுப்பேன். இப்ப சொல்லாமலே மடங்குது. ரெண்டு தடவை ஆயிடுச்சு."

"அடுத்த மேடையில உக்காந்துடுங்க. நான் ஏறி வரேன்."

"சரி. அக்காகிட்ட சொல்லாதே."

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

நான் ஏணியை நோக்கி ஓடும்போதே கம்பியில் பூட்ஸ் வழுக்கும் சத்தம் கேட்டது. மாமா மேடையில் போய் விழுந்தார். ஒரு கை விளிம்புக்கு வெளியே தொங்கியது, காற்றில் மட்டும் ஆடியது. அவர் கையிலிருந்த வயர்லெஸ் இரும்பில் மோதி மோதிக் கீழே வந்து மணல் குவியலில் விழுந்தது.

அக்கா அதை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

"என்னங்க, கேக்குதா?"

அவள் குரல் மேலே போகவில்லை, என் கையிலிருந்த வயர்லெஸ்ஸில்தான் கேட்டது.