அனுமதிக்காத சாவுச் செய்தி

முந்திரி விவசாயிகளுக்கு ஒரு மெயில் குழு நடத்துகிறேன். யார் எழுதினாலும் நான் படித்து அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குப் போகும். கல்யாணம், காதுகுத்து, சாவு எதையும் விடமாட்டேன். முந்திரியை மட்டும் பேசுங்கள் என்று சண்டையே போட்டிருக்கிறேன்.

ஒருநாள் காலை, உடையார்பாளையத்து உறுப்பினர் ஒருவரின் மெயிலிலிருந்து அவர் மகள் எழுதியிருந்தாள். "அப்பா தவறிட்டாங்க. சாயங்காலம் எடுக்குறோம். குழுவுல எல்லாருக்கும் சொல்லிடுங்க."

யார் மரத்துக்கு நோய் வந்தாலும் முதலில் பதில் எழுதுகிறவர் அவர்தான். இருந்தாலும், ஒருத்தருக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேண்டும் என்று நிராகரித்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. அரியலூரில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பந்தலில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மகள் எழுந்து வந்தாள்.

"குழுவுலேர்ந்து வரீங்களா சார்? மத்தவங்க பின்னால வராங்களா?"

மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றேன்.

எடுக்கிற நேரம் வந்ததும் பங்காளிகள் அவசரப்படுத்தினார்கள். அவள் விடவில்லை. "கொஞ்சம் இருங்க சித்தப்பா. அப்பாவோட ஆளுங்க தூரத்துலேர்ந்து வரணும்ல."

பொழுது சாயும்வரை எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வரமாட்டார்கள் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். நானும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.