கைவிடப்படாத நாய்

படிவத்தில் எட்டாவது கேள்வி, நாய் எப்படிக் கிடைத்தது என்பது. அதற்கு எதிரே நீல மையில் ‘உப்பளத்தில் கைவிடப்பட்டது’ என்று எழுதியிருந்தார்கள். இடையஞ்சாவடி தாண்டி ஒரு முந்திரித் தோப்புக்குள் நடக்கும் சிறிய காப்பகம் அது. மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு கார்த்திகையில் நானும் மனைவியும் அங்கே போய், இரண்டு கையெழுத்துப் போட்டு, நாயைக் காரின் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு வந்தோம். முப்பத்தோரு வருடம் செய்தித்தாளில் வேலை பார்த்தவன் நான். அதில் கடைசிப் பதினான்கு வருடம் பிறர் எழுதியதைத் திருத்தும் மேசையில். ‘கைவிடப்பட்டது என்று யார் சொன்னது?’ என ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டிய வரி அது. அன்று எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை.

பெண் நாய். செவலை நிறம். கருத்தடை செய்ததற்கு அடையாளமாக இடது காது நுனியில் சிறு வெட்டு. மூன்று வயதுக்குள்தான் இருக்கும் என்றார் மரக்காணத்துக் கால்நடை மருத்துவர். உப்புநீரில் நடந்து நடந்து நான்கு பாதங்களிலும் தோல் வெடித்து, பாதி ஆறியிருந்தது. கழுத்தைச் சுற்றி மயிர் தேய்ந்த ஒரு வளையம்.

“கட்டிப் போட்டுட்டுப் போயிட்டானுங்க பாரு, பாவிங்க” என்றாள் மனைவி. நானும் அதையேதான் நினைத்தேன்.

எங்கள் வீடு கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாகக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் உப்பளங்கள். மழைக்காலத்தில் அவை வரப்பு எது, பாத்தி எது என்று தெரியாமல் ஒரே தண்ணீராகக் கிடக்கும்.

முதல் வாரம் நாய் வீட்டுக்குள் வரவில்லை. மோட்டார் அறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. நாங்கள் முதுகைத் திருப்பிய பிறகே சாப்பிட்டது. குரைக்கவே இல்லை. தோட்டத்தில் நடக்கும்போது சுவரை ஒட்டி மட்டுமே நடந்தது. மூலை வந்தால் சரியாகத் திரும்பி அடுத்த சுவரைப் பிடித்துக்கொண்டது. நடுவில் ஒரு எலும்பை வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் நின்று பார்த்ததே தவிர, கால் வைக்கவில்லை. ஸ்கூட்டர் மேல் போட்டிருந்த தார்ப்பாய் காற்றில் படபடத்தால் எழுந்து போய் அதன் அருகே, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தது. பயந்தால் எந்த நாயும் சத்தத்தைவிட்டு விலகித்தான் ஓடும். இது சத்தத்தை நோக்கிப் போனது. இதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வைத்தேன். எழுதியதோடு சரி.

காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதங்களைக் கழுவி மருந்து தடவினேன். முதல் சில நாட்கள் பல்லைக் காட்டியது, கடிக்கவில்லை. வேகவைத்த கோழி ஈரலைத் துண்டு துண்டாக நறுக்கிப் பையில் வைத்துக்கொண்டு ‘வா’ என்பதில் தொடங்கினேன்.

ஒன்பதாம் நாள் எரிவாயு உருளை கொண்டுவந்தவர் கேட்டைத் திறந்து வைத்துவிட்டார். நாய் வெளியே பாய்ந்தது. நான் சாலையை எட்டியபோது பாண்டிச்சேரி பேருந்து ஒன்று குறுக்காக நின்றுகொண்டிருந்தது. நாய் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

“யோவ், பெருசு! நாய் வளக்கறதுன்னா கட்டி வளருய்யா! அடிச்சா என் மேலதான கேஸு போடுவீங்க?” என்று கத்தினார் ஓட்டுநர். உள்ளே யாரோ, “வுடுண்ணே, அது அவர இட்டுக்குனு வாக்கிங் போவுது” என்றார்கள். பேருந்தே சிரித்தது.

அது ஓடியது மேற்கே, உப்பளம் இருக்கும் பக்கம். அதையும் குறித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு பயிற்சியைக் கடுமையாக்கினேன். கேட்டுக்கு ஆறடி முன்னால் ‘இரு’ என்றால் உட்கார வேண்டும். கேட்டு திறந்தாலும், ஆடு போனாலும், மீன்கார அம்மா கூடையோடு வந்தாலும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். நான் ‘சரி’ என்று சொன்னால்தான் எழலாம். முதலில் ஐந்து நொடி. பிறகு இருபது. தை பிறப்பதற்குள் நான்கு நிமிடம் வரை வந்துவிட்டது.

“ஆபீஸ்ல பசங்கள எல்லாம் இப்படித்தான் உக்கார வெச்சீங்களா?” என்று கேட்டாள் மனைவி.

“அவனுங்க இதுல பாதி கூட கேக்கல.”

அவள் சிரித்தாள். நான் பாதி உண்மையாகத்தான் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு என் வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்காக யாரும் காத்திருந்ததில்லை. இந்த நாய் காத்திருந்தது. உட்கார்ந்தபடி என் முகத்தையே பார்க்கும். சாயங்காலங்களில் நானும் மனைவியும் அது அன்று செய்ததைப் பற்றிப் பேசிக்கொண்டோம். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. மாசி வந்தபோது அது எங்கள் கட்டிலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை இழக்க நேரும் என்ற நினைப்பே எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது.

மாசியில் உப்பளங்களில் உப்பு வாரத் தொடங்கியிருந்தார்கள். ஒரு நாள் பதினொரு மணி வாக்கில் கேட்டருகே ஒரு பெண் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை. குதிகாலில் உப்பு காய்ந்த வெள்ளைக் கோடு. நான் நாயிடம் ‘இரு’ என்று சொல்லிவிட்டுக் கேட்டைப் பாதி திறந்தேன்.

“ஐயா, இங்க ஒரு செவல நாய் இருக்குதாமே? பால்காரரு சொன்னாரு. எங்க அளத்து நாய் மாதிரி இருக்குதுன்னாரு. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“உங்க நாயா?”

“நாந்தாங்க சோறு போடுவேன். மழைக்கு அளம் மூடிட்டா உப்பக் குமிச்சி தார்ப்பா போட்டு மூடிடுவாங்க. அங்க ஆளு இருக்காது. நாயத்தான் கொட்டாயில கட்டிட்டு வருவோம், காவலுக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் நான் போயி சோறு வெச்சிட்டு வருவேன். மூணு நாளு விடாம ஊத்துச்சி பாருங்க, அப்ப போவ முடியல. ரோட்டு மேலயே இடுப்பளவு தண்ணி. நாலாம் நாளு சோத்தக் கட்டிக்கிட்டுப் போனா கயிறு மட்டும் கெடக்குது. வெள்ளத்துல போயிடுச்சின்னுதான் நெனச்சிட்டேன்.”

மனைவி வாசலுக்கு வந்திருந்தாள். “உள்ள வாங்கம்மா.”

“கால்லாம் சேறும்மா. இங்கயே பாத்துக்கறேன். இன்னமும் தார்ப்பா சத்தம் கேட்டா போயி குந்திக்குதா?”

“ஆமாங்க! ஸ்கூட்டர் பக்கத்துலதான் குந்தும்” என்றாள் மனைவி.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “ஓரமாத்தான் நடக்கும், பாத்திருப்பீங்க. குட்டியில பாத்தியில கால வெச்சி அடி வாங்கினது. உப்பு அழுக்காயிடும்னு வுடமாட்டாங்க.”

மூன்று மாதமாக என் குறிப்பேட்டில் கிடந்த எல்லாவற்றுக்கும் அவர் இரண்டு நிமிடத்தில் விளக்கம் சொல்லிவிட்டார். பிறகு கேட்டுக்குள் கையை நீட்டி, “தோ... தோ தோ...” என்று கூப்பிட்டார்.

நாய் எழவில்லை. முன்னங்கால்கள் நடுங்கின. வால் மண்ணை இரு பக்கமும் கூட்டியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய சத்தம் வந்தது. முதலில் அவரைப் பார்த்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது. அவர் இரண்டாம் முறை கூப்பிட்டபோதும் என்னைத்தான் பார்த்தது. நான் ‘சரி’ என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் இருக்கவில்லை. அது என் வாய் வரை வந்திருந்தது.

மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

“மறந்துடுச்சிங்க” என்றார். “பரவால்ல. ஒடம்பு வெச்சிருக்குது. நல்லா வெச்சிருக்கீங்க. வர்றேன்மா.”

அவர் தெரு திரும்பியதும் மனைவி என் பக்கம் திரும்பினாள். “ஏங்க, ஒரு வார்த்த. அது கூட வரலயா உங்களுக்கு?”

“ரோட்டுக்கு ஓடிடும்.”

“கேட்டுகிட்ட அந்தம்மா நின்னாங்க. அவங்களத் தாண்டி எங்க ஓடியிருக்கும்?”

நான் அப்போதுதான் ‘சரி’ என்றேன். நாய் அவர் நின்ற இடத்துக்குப் போய் மண்ணை மோந்தது. வெகுநேரம் மோந்தது. அன்று மாலை அது சாப்பிடவில்லை என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். ஆனால் சாப்பிட்டது, வழக்கமான அளவு.

மறுநாள் காப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். “சுத்தியும் தண்ணி சார். யாருமே இல்ல. சோத்துச் சட்டி காலியா கெடந்துது. நாங்க அவுத்துக் கொண்டாரலன்னா செத்திருக்கும்” என்றார் அங்கே பேசிய பெண். அதுவும் உண்மைதான். இரண்டு தரப்பும் உண்மை. அந்தப் படிவத்தில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

ஐந்து நாள் தள்ளிப் போட்டேன். ஆறாம் நாள் காலை நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து உப்பளத்துக்குப் போனேன். இரண்டு இடத்தில் விசாரித்தேன். நீளமான ஒரு வரப்பின் மறுகோடியில் நாலைந்து பெண்கள் கூடையில் உப்பு சுமந்துகொண்டிருந்தார்கள். அவர் எங்களைப் பார்த்தார். கூப்பிடவில்லை. திரும்பிக் கூடையை நிரப்பத் தொடங்கினார்.

சங்கிலியை அவிழ்த்து ‘சரி’ என்றேன்.

நாய் வரப்பில் ஓடியதையும், அவர் கூடையைப் போட்டுவிட்டுக் குந்தியதையும் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்காமல் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். சற்று நேரத்தில் அவரே என்னிடம் வந்தார். நாய் அவர் புடவையை ஒட்டி நடந்து வந்தது. அவர் முகம் ஈரமாக இருந்தது.

“அன்னைக்கு ஏங்க இது வரல?”

“நான் சொன்னாத்தான் எழுந்துக்கும். அப்படிப் பழக்கி வெச்சிருக்கேன். நான் சொல்லல.”

“ஏன்?”

“நீங்க நாயத் திருப்பிக் கேட்டுடுவீங்கன்னு பயந்துட்டேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“மழையில கட்டிப் போட்டுட்டுப் போனேன் இல்ல, அந்தக் கோவம் அதுக்குன்னு நெனச்சேங்க” என்றார். “அஞ்சு நாளா சோறு எறங்கல.”

“நீங்களே வெச்சிக்கிங்கம்மா” என்றேன்.

“வெச்சிக்கிட்டு? ஐப்பசி வந்தா மறுபடியும் அதே கயித்துலதான கட்டணும்? ஊட்டுக்கு இட்டுக்கினு போவ எடமில்ல. ஒரே ரூமு, வாடக. வேணாங்க.”

“ஞாயித்துக்கிழமைல கூட்டிட்டு வரட்டுமா?”

“வேணவே வேணாம். பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு வேல ஓடாது. அதுக்கும் ரெண்டு பக்கமும் இழுக்கும்.”

தூரத்திலிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். “ஏம்மா, கூலி உப்பு வாரவா, நாயக் கொஞ்சவா? வெயிலு ஏறுது!”

“வர்றேன்யா, நீ ஒருத்தன்!” என்று திருப்பிக் கத்திவிட்டு அவர் வரப்பில் நடந்தார். நாயும் அவர் பின்னால் போனது. பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்த பிறகு அவர் நின்றார், திரும்பவில்லை.

“கூப்புடுங்க” என்றார். “என்னால வெரட்ட முடியாது.”

‘வா’ என்று கூப்பிட்டேன். இரண்டாம் முறை கூப்பிட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அதற்காக மூச்சைக்கூட இழுத்து வைத்திருந்தேன். நாய் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. பிறகு வரப்பிலேயே திரும்பி, அவசரப்படாமல் நடந்து வந்து, நான் சொல்லிக் கொடுத்திருந்தபடியே என் இடது காலருகே உட்கார்ந்தது.