கீழே வைத்த கோப்பை

எங்கள் வார்டில் இப்போது என்னை மெம்பர் என்று கூப்பிடுகிறார்கள். அதற்கு முன் ரியாத்தில் என் பெயர் தூதர். அதற்கும் முன் ஹவில்தார். மூன்றும் நான் உழைத்து வாங்கிய பெயர்கள் என்பதால் மூன்றிலும் எனக்குப் பெருமை உண்டு. தன்னடக்கம் எனக்கு வராத வித்தை. என் மனைவியைக் கேட்டால் இன்னும் விளக்கமாகச் சொல்வாள்.

பட்டாளத்தில் இருந்தபோது ரீடிங் ரூமில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஜார்ஜ் ராஜாக்கள் காலத்து வெள்ளைக்காரன் ஒருவனின் வாழ்க்கை. சிப்பாய் வேலைக்குக் கப்பலேறியவன், போன இடத்து மொழியைக் கற்று, வளைகுடாப் பக்கத்து அரசர்களிடம் தூது போய், கடைசியில் லண்டன் பார்லிமெண்டில் போய் உட்கார்ந்துவிட்டான். நம்மை ஆள வந்தவன் மேல் எனக்கென்ன பாசம்? ஆனாலும் இவனால் முடிந்தது என்னால் முடியாதா என்ற கர்வம் அன்றே தலைக்கு ஏறிவிட்டது.

ஓய்வு பெற்றபின் ரியாத்தில் ஒரு கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தேன். பத்தா என்ற கடைத்தெருவில் போன் கடைகளுக்கு மேலே, மூன்றாவது மாடியில், ஆறு தமிழர்களுக்கு ஒரே அறை. அங்கே இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அறுத்ததில் ரூம்காரர்கள் கேலியாக வைத்த பெயர்தான் தூதர். பெயர் வைத்தவர்கள் வேலையும் கொடுத்தார்கள். கம்பெனி முதலாளியான கஃபீலிடம் எது கேட்பதென்றாலும் நான்தான் போக வேண்டும்.

முதல் தூது ஏ.சி.க்காக. கஃபீலின் வீட்டு மஜ்லிஸில், அதாவது விருந்தாளிகள் உட்காரும் கூடத்தில், அட்டென்ஷனில் நின்று ஒரு சல்யூட் வைத்தேன். அவர் சிரித்து உட்காரச் சொன்னார். ஏமன்காரக் கிழவர் ஒருவர் சின்னக் கோப்பையில் கஹ்வா என்ற அரபுக் காப்பியை ஊற்றித் தந்தார். கொடுத்ததைக் குடிப்பதுதானே மரியாதை? மூன்று கோப்பை குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். "இன்ஷா அல்லா" என்றார். ஏ.சி. வரவில்லை.

வெளியே வரும்போது அந்த ஏமன்காரர் கையைப் பிடித்து, பாதி உருதுவிலும் மீதி ஜாடையிலும் திட்டினார். கேட்க வந்தவன் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைக்க வேண்டுமாம். வீட்டுக்காரர் என்ன வேண்டும் என்று கேட்பார். தருவதாக இருந்தால் "குடி" என்பார். அதற்குப் பிறகுதான் குடிக்க வேண்டும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் சம்மதம் ஆகும்வரை நாம் கை நனைக்க மாட்டோமே, அதே சங்கதிதான். தெரிந்த பாடத்திலேயே கோட்டை விட்டிருக்கிறேன்.

எங்கள் அறையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்ட். வந்த முதல் வாரம் என்னிடம், "ஆமியில இருந்தனீங்களோ? எங்கட பக்கம் வந்தனீங்களே?" என்று கேட்டார். எங்கள் ராணுவம் அங்கே போயிருந்த காலத்தில் நானும் ஒரு வருஷம் இருந்தேன். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. உப்பை எடுத்துத் தாருங்கள் என்றால் தருவார், அதோடு சரி. எனக்கும் ரோஷம் உண்டு. போடா என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு புதன்கிழமை காலையில் அவருடைய அம்மா இறந்துபோன செய்தி வந்தது. அவர் ஒரே பிள்ளை. கொள்ளி வைக்க அவர் வரும்வரை உடலை இரண்டு நாள் வைத்திருப்பதாக ஊரிலிருந்து சொல்லியிருந்தார்கள். சவூதியை விட்டுப் போக எக்ஸிட் பர்மிட் வேண்டும். அதற்குக் கஃபீல் கையெழுத்து வேண்டும். கஃபீல் ஊருக்கு வெளியே பண்ணையில் இருந்தார். பாஸ்போர்ட் ஆபீஸ் மதியம் மூடினால் வியாழன், வெள்ளி லீவு. எகிப்துக்கார மேனேஜர் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, "சனிக்கிழமை பார்ப்போம்" என்றார். சனிக்கிழமை அங்கே சாம்பல்தான் மிச்சமிருக்கும்.

டைப்பிஸ்ட் மெஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு, "எந்திரிங்க தம்பி, வண்டியில ஏறுங்க" என்றேன். ஏறினார். பண்ணைக்கு நாற்பது நிமிஷப் பாதை.

அந்த வெள்ளைக்காரன் தூது போனபோது அரசர்களுக்குப் பரிசுகள் கொண்டு போனானாம். என் கையில் ஒரு படிவமும், சட்டைப்பையில் ஒரு பேனாவும்.

பண்ணைக் கொட்டகையில் ஜமுக்காளம் விரித்து விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தார் கஃபீல். அதே ஏமன்காரர்தான் கஹ்வா ஊற்றினார். எனக்கொன்று, டைப்பிஸ்டுக்கு ஒன்று. நான் கோப்பையை ஜமுக்காளத்தில் வைத்தேன். டைப்பிஸ்ட் என்னைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் வைத்தார். பேச்சு நின்றுவிட்டது. ஏமன்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கஃபீல் என்ன வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஓட்டை அரபியில் சொன்னேன்.

"இவன் உனக்கு யார்?"

"தம்பி."

"நீ ஹிந்தி. இவன் ஸ்ரீலங்கி."

"ஒரே பானைச் சோறு" என்றேன். பொய் இல்லை. எட்டு மாதமும் ஒரே பானைதான்.

கஃபீல் இரண்டு கோப்பைகளையும் பார்த்தார். பிறகு என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போனை எடுத்து பாஸ்போர்ட் ஆபீஸில் யாரிடமோ பேசினார். பேசி முடித்து, "இஷ்ரப்" என்றார். குடி என்று அர்த்தம். குடித்தேன். ஆறிப்போயிருந்தது. பட்டாளத்தில் பதக்கம் குத்தியபோதுகூட எனக்கு நெஞ்சு அவ்வளவு விம்மவில்லை.

ஆபீஸ் மூடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் முத்திரை விழுந்தது. அன்றே அவர் விமானம் ஏறினார். அந்த வாரமே ரூம்காரர்கள் என்னைப் போட்டியின்றி மெஸ் செக்ரட்டரி ஆக்கினார்கள். என் அரசியல் வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கை முடித்துவிட்டு அவர் திரும்பி வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். தேத்தண்ணி போட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்கட்டித் துண்டோடு எனக்குக் கொடுத்தார்.

"நான்தான் கொள்ளி வச்சனான், அண்ணை. உங்களாலதான்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி" என்று வாய் சொன்னது. மனசு இன்னும் நாலு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று காத்திருந்தது. அப்போதுதான் பார்த்தேன், அவருடைய கிளாஸ் தரையில் இருந்தது.

"குடிங்க தம்பி, ஆறிரும்."

"ஒண்டு கேக்கோணும்" என்றார். "எங்கட பக்கம் எவடத்தில நிண்டனீங்கள்? என்ன செய்தனீங்கள்?"

பனிமலையில் காவல் நின்ற கதை, பரேட் கதை எல்லாம் அறையில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வருஷத்தைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியும். ஆனால் கிளாஸ் தரையில் இருந்தது.

"ஒரு சந்தியில செக்போஸ்ட்ல நின்னேன். போறவர்றவங்க பையைத் திறந்து பாக்குறது என் டூட்டி. யாரையும் அடிக்கல தம்பி. ஆனா எல்லாரையும் நிறுத்துனேன். வயசான அம்மாமாரையும் வெயில்ல வரிசையில நிக்க வச்சேன்."

அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மாவும் அப்பிடி ஒரு சந்தியில நிண்டவா. தமிழில நிக்கச் சொன்னாங்கள் எண்டு சொல்லி அழுதவா. வேற பாஷையில சொல்லியிருந்தா இவ்வளவு நொந்திருக்காது எண்டவா."

எந்தச் சந்தி என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயமாக இருந்தது. பட்டாள உடுப்பு போட்டதற்கு நான் வெட்கப்பட்டதில்லை, இன்றும் இல்லை. அந்த அம்மாவை நினைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

அவர் கிளாஸை எடுத்தார். மெதுவாக முழுவதையும் குடித்து முடித்தார். பிறகு என் பக்கம் பார்த்தார். என்னுடைய கிளாஸும் தரையில் இருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

"குடியுங்கோ அண்ணை" என்றார்.

குடித்தேன்.