கீழே யாரும் இல்லை

இது நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்டு, நடுவில் கைகால் முளைத்த கதை இல்லை. காந்தனை எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். அலோர் காஜாவில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் வாழ்க்கையில் பொய்யே சொன்னதில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய வலது உள்ளங்கை தொடையில் தேய்ந்துகொண்டே இருக்கும். தேய்ப்பது அவருக்கே தெரியாது. நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது ராத்திரியில் நடக்கவில்லை. 2022 நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம்.

ஜாசினுக்கு அந்தப் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில், மூடிக் கிடந்த ஒரு பழைய ரப்பர் ஆலையை யாரோ வாங்கிக் குளிர்கிடங்காக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு ஜெனரேட்டரை இறக்க வேண்டும். எடை மூன்றரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. இறக்க வேண்டிய இடம், ஆலையின் பின்னால் இருந்த பழைய பால் தொட்டி. ஒரு காலத்தில் தோட்டத்து ரப்பர் பாலைக் கொட்டி வைத்த ஆளுயரப் பள்ளம். சுற்றிப் பதினாறடிச் சுவர். கூரையைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். வாசல் அந்தப் பக்கம்.

கிரேன் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கும். பாரம் சுவரைத் தாண்டி உள்ளே போனதும் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே நிற்கும் ஆள் வாக்கி-டாக்கியில் சொல்வதுதான் அவருக்குக் கண். 'இறக்கு' என்றால் இறக்குவார். 'நிறுத்து' என்றால் நிறுத்துவார்.

உள்ளே நின்றது வசந்தன். காந்தனின் தங்கை தேவிஸ்ரீயைக் கட்டியவன். பாரம் கட்டுவதில் படு கறார். அன்றைக்கும் ஒரு நாடாப் பட்டையில் தையல் விட்டிருந்ததைப் பார்த்துத் தூக்கி ஓரமாக எறிந்தான். நான்கு கால் சங்கிலியை எடுத்துப் போட்டு, நான்கு கொக்கிகளின் பூட்டு நாக்கையும் விரலால் தட்டிப் பார்த்தான்.

"மச்சான், மழை வருது. சீக்கிரம் முடிச்சுருவோம் லா."

"அவசரப்படாத. கீழ நிக்காத. சொல்லிட்டேன்."

"நா ஏன் கீழ நிக்கப் போறேன்?"

மூன்றாவது ஆள் லாரி ஓட்டி வந்த தனபாலன். வயதானவர். சாமான் மேலே போனதும் அவர் லாரிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவ்வளவுதான். அந்த வளாகத்தில் மூன்று பேர். வாக்கி-டாக்கி இரண்டு.

மணி 3.35. ஜெனரேட்டர் லாரியை விட்டு எழும்பியது. வானம் ஒரு பக்கம் கறுத்துக் கிடந்தது. காற்று இல்லை. செம்பனை மட்டை ஒன்றுகூட அசையவில்லை.

3.48. பாரம் சுவரைத் தாண்டியது. பச்சை நிறப் பெட்டி மெல்ல இறங்கி, சுவருக்குப் பின்னால் மறைந்தது. இனிமேல் காந்தனுக்குத் தெரிந்தது சுவரும், மேலே விறைத்து நின்ற கம்பியும்தான்.

வசந்தனின் குரல் வந்தது. கரகரவென்று, தொட்டிக்குள் எதிரொலித்துக்கொண்டு.

"எறக்கு... எறக்கு... சிக்கிட், கொஞ்சமா எறக்கு... நிறுத்து மச்சான். கீழ பலகை ஒண்ணு கெடக்கு. வெயிட்."

3.52. காந்தன் நிறுத்தினார்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பலகையை வெளியிலிருந்து கொம்பால் தள்ளுகிறான் போல என்று நினைத்துக்கொண்டார். கண்ணாடியில் பெரிய மழைத்துளி ஒன்று விழுந்தது. அப்புறம் விழவில்லை.

3.56.

"எறக்கு."

காந்தன் நெம்புகோலை மெல்லத் தள்ளினார். கம்பி ஓடியது.

"எறக்கு... அப்படித்தான்... எறக்கு..."

கரகரப்பு இல்லை. எதிரொலியும் இல்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசுவதுபோல அவ்வளவு தெளிவு. நல்லதுதானே, சிக்னல் சரியாகிவிட்டது என்றுதான் அப்போது தோன்றியது.

"இன்னும் நாலடி... மூணடி... எறக்கு தம்பி."

தம்பி?

வசந்தன் அவரைவிடப் பத்து வயது இளையவன். கல்யாணத்துக்கு முன்னால் 'அண்ணே' என்பான். அப்புறம் 'மச்சான்'. தம்பி என்று அவன் கூப்பிட்டதே இல்லை.

கை கொஞ்சம் தயங்கியது. கம்பியும் மெதுவானது.

"ஏன் தம்பி நிறுத்துற? ஆரியா... ஆரியா..."

காந்தன் வாக்கியைத் திரும்பிப் பார்த்தார்.

ஆரியா. துறைமுகத்திலும் பழைய ஆலைகளிலும் பாரம் இறக்கிய அந்தக் காலத்து ஆட்கள் 'இறக்கு' என்பதற்குச் சொன்ன வார்த்தை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு கிழவர்கள் வாயிலிருந்து கேட்டிருக்கிறார். இருபது வருடமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வாக்கியை எடுத்தார்.

"மச்சான்... நீதான?"

பதில் இல்லை.

"வசந்தா?"

மூச்சு மட்டும் கேட்டது. நீளமாக. ஈரமாக.

பிறகு...

"கீழ யாரும் இல்ல தம்பி. ஆரியா."

காந்தன் அதைக் கேட்கவே இல்லையே.

கீழே ஆள் இருக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை.

4.03.

நெம்புகோலைப் பிடித்திருந்த கை முன்னால் போகப் பார்த்தது. அவர் தள்ளவில்லை. இருபது வருடம் குரலுக்குக் கட்டுப்பட்டுப் பழகிய கை. குரல் சொன்னால் செய்துவிடும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். கம்பி நின்றது.

"மச்சான்னா சொல்லு. ஒன் பொண்டாட்டி பேரு என்ன?"

மூச்சு.

"பேரச் சொல்லு!"

மூச்சு நின்றது.

"ஒரு சாண்தான் தம்பி..."

குரல் விடுவதாக இல்லை.

"இன்னும் ஒரு சாண்... ஆரியா..."

காந்தன் ஹாரனை அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்கவில்லை.

4.05. தனபாலன் லாரியிலிருந்து குதித்து ஓடி வந்தார்.

"என்னா காந்தா?"

"உள்ள போய்ப் பாருண்ணே! அந்தப் பக்கமா ஓடு!"

"நீ வாயேன்..."

"நா எறங்க முடியாது! பாரம் தொங்குது! ஓடுண்ணே!"

அவர் ஓடினார். சுவரைச் சுற்றி மறைந்தார். காந்தன் ஹாரனை விட்டார். சத்தமில்லை. வாக்கியும் பேசவில்லை.

பிறகு உள்ளேயிருந்து ஒரு அலறல். தனபாலனின் குரல்.

"எறக்காத! எறக்காத காந்தா! ஆளு கெடக்கான்!"

வசந்தன் தொட்டியின் அடியில் மல்லாந்து கிடந்தான். பலகையை எடுக்க ஏணியில் இறங்கியவன் வழுக்கி விழுந்திருக்கிறான். மண்டை உடைந்து நினைவு இல்லை. ஜெனரேட்டரின் அடிச்சட்டம் அவன் நெஞ்சுக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. தனபாலன் உள்ளே இறங்கி, அவனைக் கக்கத்தில் கைகொடுத்து ஓரமாக இழுத்துப் போட்டார். அப்புறம்தான் இடைவெளியைத் திரும்பிப் பார்த்தாராம்.

ஒரு சாண்.

வசந்தனின் வாக்கி-டாக்கி தொட்டியின் மூலையில், தேங்கிய தண்ணீருக்குள் கிடந்தது. பேட்டரி தனியாகக் கழன்று மிதந்தது.

ஆம்புலன்ஸ் வந்து அவனை ஜாசின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. தலையில் ஆறு தையல். தோள் எலும்பு முறிவு. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். மறுநாள் கண் விழித்தவனிடம் காந்தன் கேட்டார்.

"பலகைய எடுக்கப் போறப்ப என்னா சொன்ன?"

"வெயிட்னு சொன்னேன். அதோட சரி. வழுக்குனது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஒண்ணும் தெரில மச்சான்."

"ஆரியான்னு சொன்னியா?"

"என்னாது?"

காந்தன் அதோடு விட்டுவிட்டார். அந்தக் குரலைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை பாரத்தை எப்படித் திரும்ப லாரியில் வைத்தார், கொக்கியை எப்படிக் கழற்றினார், கிரேனை எப்படி அலோர் காஜாவுக்கு ஓட்டி வந்தார் என்றெல்லாம் அவருக்குச் சரியாக நினைவில்லை. பெரும் மழை. அது மட்டும் நினைவிருந்தது.

செவ்வாய்க்கிழமை கம்பெனி யார்டுக்குத் திவ்யதர்ஷினி வந்தாள். கிரேனின் கணினியைப் பார்க்கிற டெக்னீஷியன். விபத்து நடந்தால் பதிவை எடுத்து ரிப்போர்ட் எழுத வேண்டும். ஓட்டுநர் அறையில் உட்கார்ந்து லேப்டாப்பைச் செருகி, வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இங்க கொஞ்சம் வாங்களேன். கொக்கியில ஜெனரேட்டரத் தவிர வேற ஏதும் தொங்கிச்சா?"

"இல்லையே."

"சாமான் எட 3,420 கிலோ. தூக்குனப்ப அதான் காட்டுது. 3.54க்கு 3,482 ஆயிருக்கு. அறுபத்திரண்டு கிலோ கூட."

"மழத் தண்ணியா இருக்கும்."

"அப்ப மழையே பெய்யல. ஏறி எறங்கவும் இல்ல பாருங்க, கோடு போட்ட மாதிரி நிக்குது."

காந்தன் திரையைப் பார்த்தார்.

"சரி, மிஷின் கோளாறுன்னு வச்சுப்போம். 4.41க்கு ஜெனரேட்டர லாரில வச்சுக் கழட்டிட்டீங்க. வெறும் கொக்கி. அப்ப சுழிதான காட்டணும்?"

"ஆமா."

"அறுபத்திரண்டு."

யார்டில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றது.

"நீங்க அங்கேருந்து கெளம்புறீங்க. அறுபத்திரண்டு. ரோட்டுல வர்றீங்க. அதே அறுபத்திரண்டு. ராத்திரி 7.38க்கு டக்குனு சுழியாயிருச்சு. அதுலேருந்து இன்னிக்கு வரைக்கும் எல்லாம் சரியா இருக்கு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அந்த நேரம் வண்டி யார்டுக்கு வந்துருச்சாண்ணே?"

காந்தனின் உள்ளங்கை தொடையில் தேய ஆரம்பித்திருந்தது.

சனிக்கிழமை யார்டுக்கு வந்தபோது மணி எட்டாகிவிட்டது. வருகிற வழியில், ஏழரை தாண்டியிருக்கும், ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார். வசந்தனின் பையும் ஈரச் சப்பாத்தும் கிரேனிலேயே கிடந்தன. அவற்றைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று, மழையில், ரோட்டோரமாக ஒரு நாலு நிமிடம் நிறுத்தினார்.

தேவிஸ்ரீ வீட்டு வாசலில்.

நாளை, புதன்கிழமை காலை பத்து மணிக்கு வசந்தனை டிஸ்சார்ஜ் செய்து அந்த வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள்.