மாமாவின் பச்சை உடம்பு

கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று, அவருடைய சிறுநீர்ப் பையை ஒரு புடவைக் கடைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தோம். அரக்கு நிறத்தில் பொன்னெழுத்துப் போட்ட தடித்த காகிதப் பை அது. என் கணவரின் தங்கை, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், அவளுடைய நிச்சயச் சேலை அதில்தான் வந்திருந்தது. யோசனை அத்தையுடையது, என் மாமியாருடையது. இடுப்பில் கட்டிய சாரத்துக்குள்ளிருந்து இறங்கிய குழாய் அந்தப் பைக்குள் போய் மறைந்துவிட, பார்ப்பவர்களுக்கு மாமா கடைக்குப் போய் வருகிறவர் போலத்தான் இருந்தார். த்ரீவீல் லயத்தடியில், தோட்டத்து வரிசை வீடுகளின் முன்னால், நின்றதும் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பெண் ஓடி வந்து, "கங்காணி, கூறச் சேல எடுத்தாச்சா? காட்டுங்க பாப்போம்" என்று கையை நீட்டிவிட்டாள். பையை உயரத் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் மாமா அதைக் காலோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். "கல்யாணத்தன்னிக்கிப் பாப்ப, இப்பப் போ" என்று அத்தை அவளை விரட்டினார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

கித்துல்கலைக்கு மேலே, ஆற்றில் ரப்பர்ப் படகு விடும் வெள்ளைக்காரர்களின் கூச்சல் காற்று அடிக்கும் பக்கத்தைப் பொறுத்துக் கேட்கும் தூரத்தில் இருக்கிறது எங்கள் தோட்டம். மாமா அங்கே ரப்பர் மரத்துப் பால்வெட்டுக் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர்; அத்தையும் அவருக்குக் கீழேதான் பால் வெட்டினார். இந்த மலையில் நின்று கத்தினால் அடுத்த மலையில் வெட்டுகிறவர்களின் கை வேகமாகும் என்று லயத்தில் இன்றும் பேசிக்கொள்வார்கள். நான் ரம்புக்கனைக் கடைத்தெருவில் வளர்ந்தவள், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமாகி வந்த பிறகுதான் மாமனாரும் மருமகளும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாத வீடு இது என்று எனக்குத் தெரிந்தது. சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது. மரியாதைதான். என்னிடம் பேனா வேண்டுமென்றால்கூட, "டீச்சர்கிட்ட பேனா இருக்கான்னு கேளு" என்று அத்தையிடம் சொல்வார். ஓரடி தள்ளி நிற்கும் நான் பேனாவை அத்தையிடம் கொடுப்பேன். பைத்தியக்கார வீட்டில் மாட்டிக்கொண்டோமோ என்று முதல் வருஷம் நினைத்தேன். பிறகு பழகிவிட்டது.

மூத்திரம் சரியாகப் போகவில்லை என்று காட்டப் போய், புரொஸ்டேட்டில் கேன்சர் என்று வந்து நின்றது. என் கணவர் கொழும்புக் கடையில் லீவு எடுக்க முடிகிற நாளில் அவர் போனார், மற்ற நாட்களில் நானும் அத்தையும் போனோம். சின்னவளின் கல்யாணம் அதற்கு முன்பே பேசி முடிவாகியிருந்தது. ஒப்பரேஷனுக்கு முன்னால் டாக்டர் என்னைத் தள்ளிக் கூப்பிட்டு, பிறகு கொஞ்ச நாளைக்கு மூத்திரம் கட்டுப்பாடில்லாமல் போகலாம், புருஷன் பெண்சாதி வாழ்க்கையும் முன்பு போல இருக்காது, வீட்டம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றார். என் வாழ்க்கையில் அத்தனை கஷ்டப்பட்டு எந்தப் பாடமும் நான் நடத்தியதில்லை. அத்தை கேட்டு முடித்துவிட்டு, "உசுரோட வரட்டும் தாயி. மகளத் தாரை வாத்துக் குடுக்க அவரு நிக்கணும். வேற ஒண்ணும் வேணாம்னு சொல்லு" என்றார். அதை நான் அப்படியே டாக்டரிடம் சிங்களத்தில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையின் ராஜ்ஜியம் தொடங்கியது. "பச்ச ஒடம்பு" என்றார். பிள்ளை பெற்றவளைத்தான் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வயிற்றில் கத்தி பட்டால் ஆணென்ன பெண்ணென்ன என்பது அத்தையின் கட்சி. பூண்டுக் குழம்பு, கருவாட்டுப் பொரியல், வெந்நீர், காதை மூடித் துவாய்க் கட்டு என்று பிள்ளைப்பேற்றுக்குச் செய்யும் பத்தியம் அத்தனையும் நடந்தது. மலையை அதட்டிய மனிதர் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு பூண்டை உரித்து உரித்துத் தின்றார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் கத்திக் கத்திப் பார்த்தேன். "பச்ச ஒடம்புல தண்ணி போனா வயிறு ஊதிரும்" என்று அத்தை ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார். கடைசியில் சின்னவள்தான், "நீ தண்ணி குடுக்கல்லன்னா நான் சோறு திங்க மாட்டேன்" என்று மிரட்டிக் காரியத்தைச் சாதித்தாள்.

குழாயைக் கழற்றிய அன்று கிளினிக்கில் மாமாவை உள்ளே கூப்பிட்டுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். மாமாவுக்குக் கடைச் சிங்களம், பஸ் சிங்களம் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. அன்றைக்கு வெட்கத்தில் ஒன்றும் காதில் ஏறவில்லை போலிருக்கிறது. எல்லாவற்றுக்கும் "ஹரி மிஸ்ஸி, ஹரி மிஸ்ஸி" என்று சரி சரியாகத் தலையாட்டியிருக்கிறார். நர்ஸ் மிஸ்ஸி சிரித்துக்கொண்டே வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். மூத்திரம் முட்டும்போது அடக்குகிறோமே, அந்த இடத்துத் தசையை இறுக்கிப் பிடித்து விட வேண்டும், தினமும் செய்யச் செய்யக் கசிவு குறையும் என்று விளக்கினார். திரும்பும் பஸ்ஸில் அதை ஒரு சொல் விடாமல் அத்தையின் காதில் போட்டேன். எங்கள் வீட்டில் சேதி போகும் வழி அதுதானே. அத்தை தலையைக் குனிந்தபடி, "சரி தாயி, நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அதன் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. இருமினால் கசியும், எழுந்தால் கசியும். சந்திக் கடையில் பேட் வாங்கினால் முதலாளி யாருக்கு என்று கேட்பார் என்று மாமா அத்தைக்குத் தடை போட்டுவிட்டார். நான் ரம்புக்கனையிலிருந்து வாங்கி வந்தவை முடிந்ததும் பழைய சாரத்தைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்து மழையோ ஊருக்கே தெரிந்த மழை. வெளியே போட்டால் ஒரு வாரமானாலும் துணி காயாது. அத்தை அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துவார். அதனால் மாமாவிடம் எப்போதும் லேசான புகை வாசம் அடிக்கும். மணக்கிறோமோ என்ற பயத்தில் அவர் மனிதர் முகத்தில் விழிப்பதை விட்டார். கோயில் கூட்டத்துக்குப் போகவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு முன் காம்பராவுக்கு வந்து தனியாகப் படுத்தார். எங்கள் வற்புறுத்தலில் குடிக்கத் தொடங்கிய தண்ணீரையும், உயிராக நினைக்கும் பால் விடாத பிளேன்டீயையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். உள்ளே போகாவிட்டால் வெளியே வராதாம்.

பயிற்சியை மட்டும் விடவில்லை. காலையில் வாசல் பெஞ்சில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, கன்னம் இரண்டும் உப்ப, கண் பிதுங்க, முகம் கறுத்துச் சிவக்க ஏதோ செய்வார். பிறகு புஸ்ஸென்று விடுவார். அது என்ன பயிற்சி என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் முடியாது. "கங்காணி சாமியாராப் போயிட்டாரு, மூச்ச அடக்கித் தவம் பண்றாரு" என்று லயத்தில் கேலி கிளம்பியது. எவ்வளவு தவம் செய்தும் கசிவு அப்படியேதான் இருந்தது.

கல்யாணம் நெருங்க நெருங்க வீடு கனத்தது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "தாரை வாக்கத் தம்பியக் கூப்புட்டுச் சொல்லிரு. சித்தப்பன் குடுத்தாலும் கல்யாணந்தான்" என்றார் மாமா. அத்தை ஏனென்று கேட்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெள்ளை வேட்டி. ஊர் பார்க்க எழுந்து நிற்க வேண்டும். சின்னவள் மட்டும், "அப்பா இருக்கயில சித்தப்பா எதுக்கு? அப்பிடின்னா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று அழுதுகொண்டு எழுந்து போனாள். மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில்கூட அவர் அவ்வளவு சின்னதாகத் தெரிந்ததில்லை.

அந்த வாரத்தில் ஒரு பகல். தகரக் கூரையில் மழை பொத்துக்கொண்டு அடித்தது, பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடச் சரியாகக் கேட்காது. மாமா முன் காம்பராவில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்தார், பிடித்தார், அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். அத்தை ஓடி வந்து தாங்கிப் பிடித்து, "இவ்வளவு நேரமா மூச்சப் புடிப்பாங்க?" என்று அலறினார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மரியாதையாவது மண்ணாவது என்று நேரே அவர் முன்னால் போய் நின்றேன். "மூச்ச இல்ல மாமா! மிஸ்ஸி சொன்னது மூச்ச இல்ல!"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு, "அந்த வார்த்தைய எப்பிடி ஒரு ஆம்பளக்கிட்ட சொல்றது? மூச்சுன்னு சொன்னா அவரே புரிஞ்சிக்குவாருன்னு நெனச்சேன்" என்றார். "இப்பவாச்சும் நீங்களே சொல்லுங்க அத்தை" என்று விட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். இடையில் ஒரு திரைச் சேலைதான். மழைக்கு மேலே கத்தினால்தான் ஒருவருக்கொருவர் கேட்கும் என்பதால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"கீழ இறுக்கிப் புடிச்சி விடணுங்க!"

"என்னாத்த?"

"மூத்திரத்த அடக்குற எடத்த! மேல இல்ல, கீழ!"

"அது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

அத்தை குரலைத் தாழ்த்தி என்னவோ சொன்னார். "கேக்கல்ல!" என்றார் மாமா.

"எனக்கும் போகுதுன்னேன்! சின்னவ பொறந்ததுல இருந்து போகுது. தும்முனா போகும், இருமுனா போகும், பால் வாளியத் தூக்குனா சொல்லவே வேணாம். அப்பவே மருத்துவச்சியம்மா இந்த மாதிரி இறுக்கிப் புடின்னு சொல்லிக் குடுத்தாங்க. எங்க நேரம் இருந்திச்சி?"

"ஏன் எங்கிட்டச் சொல்லல்ல?"

"நீங்கதான மேட்டுல நின்னுக்கிட்டு வெரசா போ, வெரசா போன்னு கத்துவீங்க. நான் என்னாத்தச் சொல்றது? நனஞ்சிக்கிட்டேதான் ஓடுனேன்."

அடுப்புக்கு மேலே தொங்கிய துணிகளை அண்ணாந்து பார்த்தேன். எல்லாம் மாமாவுடையவை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சாரத் துண்டுகளுக்கு நடுவே பழைய நூல் சேலைத் துண்டுகளும் இருந்தன. அத்தை மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு அழுகை வந்தது.

மழை கொஞ்சம் விட்ட பிறகு மாமாவின் குரல் கேட்டது. "டீச்சர்" என்று என்னையே கூப்பிட்டார், அதுதான் முதல் முறை. "ஒங்க அத்தைக்கு ஒரு பிளேன்டீ ஊத்திக் குடுங்க. எனக்கும் ஊத்துங்க." ஊற்றிக் கொண்டு போனேன். மாமா முழுக் கோப்பையையும் குடித்தார்.

மறுநாளிலிருந்து இருவரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியாத பயிற்சி அது. அத்தைதான், "புடிங்க... விடுங்க... அதுக்குள்ள விட்டுட்டீங்களா?" என்று கட்டளை போடுவார். கங்காணிக்கே கங்காணி. "சாமியாரம்மாவும் தவத்துல சேந்துட்டாங்களா?" என்று லயத்தில் கேட்டார்கள். "ஆமா, நீயும் வாறியா?" என்றார் அத்தை. ஒரு காலையில் கூட்டப் போனபோது, முன் காம்பரா மூலையில் இருக்கும் பாயைக் காணவில்லை. உள் காம்பராவுக்குப் போயிருந்தது. நான் எதையும் கவனிக்காதவள் போலக் கூட்டிவிட்டு வந்தேன். அன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் திட்டவே மனம் வரவில்லை.

மாமா பழைய மாமாவாகிவிட்டார் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கசிவு பெருமளவு குறைந்திருக்கிறது. களைத்துப் போனால் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு கிளினிக்குக்கும் இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. ஆனால் தம்பியைக் கூப்பிடும் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. வெள்ளை வேட்டிக்குள்ளே தடித்த துணி மடித்து வைத்துக்கொண்டு, மாமா மணவறையில் எழுந்து நின்றார். சின்னவளின் கை அவர் கைக்குள் இருந்தது. அத்தை பக்கத்தில் தாரைச் செம்போடு நின்றார். நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு அவருடைய வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயர் மந்திரத்தை முடிக்கிற வழியாக இல்லை. ஓமப் புகை எங்கள் பக்கமாகத் திரும்பியது. அத்தைக்கு இருமல் வந்தது. ஒன்று, இரண்டு, பிறகு அடக்கவே முடியாமல் தொடர்ந்து வந்தது. அத்தையின் முழங்கால்கள் ஒன்றோடொன்று நெருங்குவதைப் பார்த்தேன். மாமாவும் பார்த்துவிட்டார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கோயில் முழுக்கக் கேட்கும்படி, "ஏய், ஏலாட்டி ஒக்காரு. அவசரம் ஒண்ணுமில்ல. ஐயரு நிப்பாரு, நானும் நிக்கிறேன்" என்றார்.

கூட்டத்தில் சிரித்தார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். அத்தை உட்காரவில்லை. இருமல் அடங்கும்வரை நின்று, பிறகு செம்பைச் சாய்த்தார். மாமாவின் கை வழியாகச் சின்னவளின் கைக்கும், அங்கிருந்து மாப்பிள்ளையின் கைக்கும் தண்ணீர் இறங்கியது. மேளம் கொட்ட எல்லோரும் அட்சதை தூவும்போது அத்தை என் முழங்கையை இறுகப் பிடித்தார். அழுதுகொண்டிருந்தார்.

"கேட்டியா தாயி," என்றார், "என்னைய ஒக்காரச் சொல்றாரு."